ஈரான் பாடமும் எங்கள் அதிபரும்

பாடக்குறிப்பு எழுதுவது எப்படி என்று கேட்டு என்னிடம் வந்த, புதிதாக ஆசிரியராகும் தங்கச்சி தம்பிமாரே, உங்களை நான் ஏமாற்றத்தான் போகிறேன். அதை உங்களுக்குக் கல்லூரியில் நன்றாகவே சொல்லித் தந்திருப்பார்கள். என்னுடைய பாடக்குறிப்புக் கொப்பியைப் பார்த்த எந்த அதிகாரியும் சிரிக்காமல் கையெழுத்து வைத்ததில்லை. மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் இருபத்தொன்பது வருடம் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்ற தகுதியில் ஒரேயொரு பாடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஈரானில் மன்னராட்சி வீழ்ந்த பாடம். அதைப் பதினொரு வருடம் பிழையாகப் படிப்பித்தேன். பிறகு ஒரு வருடம் சரியாகப் படிப்பித்தேன். சரியாகப் படிப்பித்த வருடத்தில்தான் எனக்கு இடமாற்றக் கடிதம் எழுதப்பட்டது.

பிழையை முதலில் சொல்கிறேன். உயர்தர வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது கரும்பலகையில் ஒன்றிலிருந்து எட்டு வரை இலக்கம் போடுவேன். அரச குடும்பத்தின் ஆடம்பரம். பொருளாதார ஏற்றத்தாழ்வு. விலைவாசி உயர்வு. நிர்வாகச் சீர்கேடு. அடக்குமுறை. வெளிநாட்டுத் தலையீடு. மதத்தைப் புறக்கணித்தமை. மக்களின் அதிருப்தி. ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று வரி. பிள்ளைகள் எழுதுவார்கள், பாடமாக்குவார்கள், சோதனையில் அப்படியே இறக்கிவைப்பார்கள். பெறுபேறு எப்போதும் நன்றாக இருந்தது. வலயக் கல்விப் பணிமனைக்குப் போனால் எழுந்து கதிரை தருவார்கள். ஒரு மனுசி கெட்டுப்போவதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருப்பிக் கொடுத்த நாள். சுமையா என்று ஒரு பிள்ளை, எல்லோரும் வெளியே போகும்வரை மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். காத்தான்குடியிலிருந்து வருபவள். தகப்பன் அங்கே துணிக்கடை வைத்திருந்தார். ஈரான் கேள்விக்கு அவளுக்கு இருபதுக்குப் பதினைந்து போட்டிருந்தேன். இன்னும் ஒன்றிரண்டு கூட்டிக் கேட்கத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

“மிஸ், இத வெட்டுங்க,” என்றாள். “ஈரானக் கேட்ட இடத்தில நான் பிரான்ஸ எழுதிட்டன். நீங்க சரி போட்டிரிக்கிங்க.”

தாளை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். எந்த இடத்திலும் நாட்டின் பெயரை எழுதவில்லை. ஆடம்பரம், ஏற்றத்தாழ்வு, சீர்கேடு, அதிருப்தி எல்லாம் ஒழுங்காக இருந்தன. மன்னரின் மனைவி செலவாளி என்று எழுதிய வரிக்கு நான் பெரிதாக ஒரு சரி போட்டிருந்தேன். சனத்துக்குச் சாப்பிடப் பாண் கிடைக்கவில்லை என்று எழுதியதற்கும் ஒரு சரி. எப்படியம்மா மாறினது என்று கேட்டேன்.

“ரெண்டும் ஒரே நோட்ஸ்தானே மிஸ். ரெடிமேட் சட்டை மாதிரி. ஆரு போட்டாலும் கிட்டத்தட்ட அளவு காணும்.”

பகிடிக்குச் சொல்லவில்லை. துணிக்கடைப் பிள்ளை தனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னாள். வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் நோட்ஸ் கொப்பியைத் திறந்து, ரஷ்யாவுக்கு நான் கொடுத்த காரணங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அதே சட்டை. எந்தப் புரட்சிக்கும் பொருந்துகிற காரணம் எந்தப் புரட்சியையும் விளக்காது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அந்தப் பிள்ளையின் புள்ளியை நான் வெட்டவில்லை. என்னுடைய எட்டு இலக்கங்களையும்தான் வெட்டினேன்.

அடுத்த தவணை அந்த வகுப்பிலேயே பாடத்தைத் திரும்பவும் தொடங்கினேன். இந்த முறை காரணங்களைக் கொடுக்கவில்லை, ஆட்களைக் கொடுத்தேன். இருபத்துமூன்று பிள்ளைகளையும் எட்டுக் குழுவாகப் பிரித்தேன். ஒரு குழு பெரிய சந்தையில் கடை வைத்திருக்கும் வியாபாரி. ஒரு குழு பள்ளிவாசல் மௌலவி. ஒரு குழு காணி கைவிட்டுப் போய் நகரத்து ஓரத்தில் தகரக் குடிசை போட்ட கமக்காரன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண், இரகசியப் பொலிசிடம் அடிவாங்கிய ஒரு மாணவன், எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளி, சுடச் சொன்னால் சுடவேண்டிய சிப்பாய், அரண்மனையில் வேலை பார்க்கும் அதிகாரி. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். உங்கள் ஆள் எந்த நாளில், எதனால், பயத்தை விட்டுத் தெருவில் இறங்கினார்? அல்லது ஏன் இறங்காமல் இருந்தார்?

நூலகத்தில் கிடைத்த புத்தகங்கள், கைபேசியில் தேடியது, வீட்டில் கேட்டது என்று பிள்ளைகள் இரண்டு கிழமையில் கொண்டுவந்து குவித்தவற்றில் பாதி எனக்கே தெரியாது. மக்கள் தெரிவுசெய்த ஒரு பிரதமர் எண்ணெயை நாட்டுக்குச் சொந்தமாக்கினார் என்றும், வெளிநாட்டு வல்லரசுகள் சேர்ந்து அவரைக் கவிழ்த்து மன்னரின் கையைப் பலப்படுத்தின என்றும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதற்கு நான் எப்போதும் ஒரு வரி கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளைகள் நாட்காட்டியைக் கண்டுபிடித்தார்கள். மன்னர் இஸ்லாமிய ஆண்டுக் கணக்கை மாற்றி, பழைய பேரரசு தொடங்கிய நாளிலிருந்து எண்ணச் சொன்னாராம். விடிந்தபோது நாட்டுக்கு ஆயிரத்துக்கு மேல் வயது கூடிவிட்டது. வகுப்பு முழுதும் சிரித்தது. சிரிப்பு அடங்கியபிறகு மௌலவிக் குழுப் பையன் ஒருவன், “எங்கட பெருநாள் எந்த வருசம் எண்டு அரசாங்கம் சொல்லுமா மிஸ்?” என்று கேட்டான். மதத்தைப் புறக்கணித்தமை என்று நான் மூன்று வரியில் எழுதிக் கொடுத்தது இதைத்தான்.

இன்னொன்று, நாற்பதாம் நாள். ஊர்வலத்தில் சுடப்பட்டவர்களுக்கு நாற்பதாம் நாள் நினைவுகூரக் கூடுவார்கள். அந்தக் கூட்டத்திலும் சூடு விழும். பிறகு அவர்களுக்கு இன்னொரு நாற்பதாம் நாள். இப்படியே ஒரு செத்தவீடு அடுத்த செத்தவீட்டைப் பெற்றுக்கொண்டு போனது. இதை வாசித்தவன் திலக்சன். வாவிக்கு அந்தக் கரையில் வவுணதீவுப் பக்கத்திலிருந்து வருகிற பையன், தகப்பன் வயல் வட்டையில் நெல் செய்கிறவர். வாசித்துவிட்டு, “நாங்க முப்பத்தோராம் நாள் செய்யிற. எங்களுக்கெண்டா அடுத்த செத்தவீடு இன்னும் கெதியா வந்திரிக்கும்,” என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குச் செத்தவீட்டைப் பற்றி விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி அதிபர். அந்த வருடம்தான் புதிதாக வந்திருந்தார், வேறு மாவட்டத்துக்காரர். பெயரின் கடைசியில் ராசா என்று வரும். பிள்ளைகளும் ஆசிரியர்களும் முதுகுக்குப் பின்னால் ராசா என்றுதான் சொல்வோம். கெட்டிக்காரர், சுறுசுறுப்பானவர். மூன்று மாதத்தில் கூரை திருத்தி, சுவருக்கு வெள்ளை அடித்து, பழுதாய்க் கிடந்த ஆய்வுகூடத்தைத் திறந்துவிட்டார். கூடவே சில ஒழுங்குகளும் வந்தன. ஏழரைக்குப் பள்ளிக் கேற்றைப் பூட்டிவிடுவார்; பிந்தி வருபவர்கள் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு முதல் பாடவேளை முடியும்வரை வெளியே நிற்கவேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும் பையன்கள் ஒவ்வொரு கிழமையும் தகப்பனின் கடிதம் கொண்டுவர வேண்டும். நவராத்திரிக்கு வரும் வாணி விழாவின் காலைப் பூசைகளை ஒரே நாளாகச் சுருக்கினார். கரோல் பாட்டுப் பழகுவதைப் பள்ளி நேரத்தில் நிறுத்தினார். மூன்று சமயத்திலும் சரிசமமாகக் கைவைத்தார், அந்த வகையில் நீதியான மனிதர். இதையெல்லாம் எதிர்த்து ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கொழும்பில் ஒரு பெரியவர்தான் அவரைக் கொண்டுவந்து இந்தக் கதிரையில் இருத்தினார் என்று ஆசிரியர் அறையில் ஒரு கதை இருந்தது. அந்தக் கதையை நானும் இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை. குழுக்கள் எல்லாம் சேர்ந்து கண்டதைச் சுருக்கிக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். திலக்சன் வெண்கட்டியை எடுத்து எழுதினான். ‘ராசா ஏன் போனார்? வெளியாரின் பலத்தில் கதிரையில் இருந்தார். சமயத்தில் கைவைத்தார். ஒருவரையும் கேட்டுச் செய்யவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் உண்மை சொல்லவில்லை.’ மன்னர் என்று எழுதாமல் ராசா என்று எழுதினான். அவன் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு மேல் ஏதாவது நினைத்தானா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. இடைவேளை மணி அடித்தது. பலகையை அழிக்காமல் எல்லோரும் போய்விட்டோம். நானும்தான்.

யாரோ அதைப் படமெடுத்திருக்கிறார்கள். பள்ளி முடிந்து நான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அது வந்துவிட்டது. கீழே ஒருவர் ‘சரியான பாடம்’ என்று எழுதியிருந்தார். அடுத்தவர் கைதட்டும் கை போட்டிருந்தார். ஈரான் என்ற சொல் பலகையில் இல்லை. பின்னேரத்துக்குள் படம் மூன்று கதையாகப் பிரிந்தது. நகரத்தில், டீச்சர் அதிபருக்கெதிராகப் பிள்ளைகளைத் தூண்டிவிடுகிறார் என்றார்கள். பெற்றோர் சிலர் பகிஷ்கரிப்பு நடக்கப் போகிறதாம், நாளைக்குப் பிள்ளையை அனுப்புவதா என்று கேட்டார்கள். சுன்னி முஸ்லிம்களின் ஊரான காத்தான்குடியில், பாடம் ஈரானைப் பற்றியது என்று தெரிந்தவர்கள், ஷீஆக் கொள்கை படிப்பிக்கிறார்களாம் என்று பேசிக்கொண்டார்கள். ஒரே பலகை, ஒரே நாலு வரி. காரணங்களைப் பற்றிப் பாடம் நடத்தியவளுக்கு அதைவிட நல்ல செய்முறைப் பரீட்சை வைத்திருக்க முடியாது.

மறுநாள் காலை பள்ளி வாசலில் மோட்டார் சைக்கிளோடு ஒருவர் நின்றார். சுமையாவின் தகப்பன். தொப்பி போட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாத சேர்ட். ஊரில் சில பெரியவர்கள் போய்ப் பார்த்து வரச் சொன்னதாகவும், தனக்கு என்மேல் குறை இல்லை என்றும், ஆனால் என்ன படிப்பிக்கிறேன் என்று தெரிந்துகொண்டு போகவேண்டும் என்றும் மரியாதையாகச் சொன்னார். பாடத்திட்டத்தில் இருக்கிறது, அமைச்சு சொன்னதைப் படிப்பிக்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அது உண்மைதான். ஆனால் அப்படிச் சொன்னால் அவர் பேசாமல் திரும்பிப் போவாரே தவிர, நம்பிப் போகமாட்டார். அவரை வகுப்பறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு கதிரையில் இருத்தி, சுமையா எழுதிய வியாபாரியின் பக்கங்களைக் கையில் கொடுத்தேன்.

ஆறுதலாக வாசித்தார். விலைவாசி ஏறியதற்குச் சிறிய கடைக்காரன்தான் காரணம் என்று அரசாங்கம் சொன்னது, விலை பார்க்க ஆட்களை அனுப்பித் தண்டம் போட்டது, பலரைப் பிடித்து மறியலில் அடைத்தது எல்லாம் அதில் இருந்தன. வியாபாரி ஒருநாள் கடையை மூடினால் வரும் நட்டம் என்ன, அதையும் தாண்டி ஏன் மூடினான் என்று ஒரு பந்தி இருந்தது. அந்த இடத்தில் நிமிர்ந்தார்.

“இத ஆரு சொல்லிக் குடுத்த?”

“மகள் எழுதினது.”

மறுபடி வாசித்தார். பிறகு முகம் மாறியது. “இது நான் சொன்னதெல்லோ டீச்சர். போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிரிக்கக்குள்ள கேட்டா. சும்மா கேக்கிறா எண்டு நினைச்சுச் சொன்னன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. எழும்பிப் போவார் என்று பார்த்தால் இன்னும் வசதியாக இருந்துகொண்டு, மகள் ஒன்றைச் சரியாக எழுதவில்லை என்றார்.

“நட்டத்துக்கு யாவாரி கடை மூடமாட்டான். நட்டம் எங்களுக்குப் பழகின. நாலு பேருக்கு முன்னால அவன கள்ளன் எண்டு சொல்லிப் பாருங்க. அண்டைக்கு மூடுவான். மறுகா எந்தப் பெரியவர் வந்து திறக்கச் சொன்னாலும் திறக்கமாட்டான்.”

எட்டு இலக்கங்களில் எந்த இலக்கத்திலும் இது இல்லை. முப்பது வருடமாகத் துணி அளந்து கொடுத்த ஒரு மனிதர் வாசலில் விசாரணைக்கு வந்த இடத்தில் அதைச் சொல்லிவிட்டுப் போனார். மனிதரை ஏழையாக்கினால் பொறுப்பார்கள், பலபேருக்கு முன்னால் சிறுமைப்படுத்தினால் பொறுக்கமாட்டார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொல்லி மோட்டார் சைக்கிளை உதைத்தார். அவர் திரும்புவதற்குள் காரியாலய உதவியாளர் வந்து, அதிபர் உடனே வரச் சொன்னார் என்றார்.

அதிபர் கதிரையில் இருக்கவில்லை. ஜன்னல் பக்கம் நின்றார். மேசையில் கைபேசி, அதில் அந்தப் படம். பக்கத்தில் ஒரு கடிதம். என்னைக் கதிரவெளிப் பக்கம் மாற்றும்படி வலயத்துக்கு எழுதிய கடிதம். கதிரவெளி நல்ல ஊர். ஆனால் என் வீட்டிலிருந்து அங்கே போய்வருவதற்கே அரைநாள் பஸ்ஸில் போய்விடும்.

“இது ஆர் எழுதின எழுத்து?” என்று கேட்டார்.

அந்த இடத்தில் எனக்கு மூன்று வழி இருந்தது. திலக்சனின் பெயரைச் சொல்லலாம். எழுத்து என்னுடையது இல்லை, உண்மையும் அதுதான். ஆனால் சோதனைக்கு ஆறு மாதம் இருக்கும்போது அவனை வெளியே போடுவார். இரண்டாவது, இது உங்களைப் பற்றியது அல்ல என்று சத்தியம் பண்ணலாம். ஆனால் துணிக்கடைக்காரர் சொன்னது காதில் அப்படியே இருந்தது. இது நீங்கள் இல்லை என்று ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே சொன்னால், ஊரெல்லாம் அது அவர்தான் என்று நினைக்கிறது என்று சொன்னதாகத்தானே ஆகும். மூன்றாவது வழி என்னவென்று எனக்கே தெரியவில்லை. வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

“என்ட வகுப்பில, என்ட பலகையில இருக்கிற எழுத்து என்ட எழுத்துத்தான் சேர். ஆனா அந்தப் பாடம் இன்னும் முடியல்ல. இண்டைக்கு மூன்றாம் பாடவேளை மிச்சம் இருக்கு. நீங்க வந்து இருந்து பார்த்திட்டுக் கடிதத்த அனுப்புங்க.”

அதிபர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு வேறு ஒன்றைச் சொன்னார், என்னைப் பார்க்காமல். தன்னை ஒருவரும் இங்கே கொண்டுவந்து இருத்தவில்லையாம். மனைவிக்குச் சுகமில்லை என்று சொந்த ஊருக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் கேட்டிருக்கிறார். கேட்டது ஒன்று, கிடைத்தது இது. கிழமைக்கு ஒருமுறை போய்வருகிறார். ஆசிரியர் அறைக் கதை அவர் காதுக்கும் வந்திருக்கிறது.

தங்கச்சி தம்பிமாரே, மூலத்தைச் சரிபார்க்காமல் எதையும் எழுதாதே என்று பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையால் எத்தனை தடவை எழுதியிருப்பேன். அவர் சொல்லி முடித்தபோது எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பலகைக்காக இல்லை, அந்தக் கதைக்காக. எதற்கு என்று அவர் விசாரிக்கவில்லை. மூன்றாம் பாடவேளைக்கு வருவதாக மட்டும் சொன்னார்.

வந்தார். கடைசி வாங்கில் உட்கார்ந்தார். திலக்சன் கொப்பிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். என்ன செய்வதென்று தெரியாமல் பிள்ளைகளின் குழுப் பெயர்களைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். வியாபாரி, மௌலவி, கமக்காரன் என்று வாசித்து வந்து அதிகாரியில் முடித்தபோதுதான் எனக்கு என் பிழை தெரிந்தது. எட்டுப் பேருக்கு ஆள் கொடுத்த நான் மன்னருக்கு ஆள் கொடுக்கவில்லை. அவரைப் பற்றி எல்லோரும் பேசினோம், அவரைப் பேசவிடவில்லை. அதை அப்படியே பிள்ளைகளிடம் சொன்னேன். டீச்சர் விட்ட பிழை, இப்போது திருத்தவேண்டும், மன்னராக யார் எழும்பப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

ஒருவரும் எழும்பவில்லை. பிறகு திலக்சன் எழுந்தான். பயத்தில் எழும்பினானா, ரோசத்தில் எழும்பினானா தெரியாது. முதலில் கொப்பியைப் பார்த்து, றோட்டுப் போட்டேன், ஆஸ்பத்திரி கட்டினேன், பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தேன், படிக்க ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பினேன் என்று வாசித்தான். பிறகு கொப்பியை மூடினான்.

“எனக்கு அவசரம். என்ட நாடு மத்த நாட்டுக்கெல்லாம் பின்னால நிண்டது. ஒவ்வொருத்தரையா இருத்திக் கேட்டா என்ட காலம் முடிஞ்சிரும் எண்டு நினைச்சன். நல்லதுதானே செய்யிறன், மறுகா விளங்கும் எண்டு நினைச்சன்.”

கடைசி வாங்கிலிருந்து அதிபர் பேசினார். மன்னருக்கு இதை எடுத்துச் சொல்ல ஒருவர்கூட இருக்கவில்லையா என்று கேட்டார். அரண்மனை அதிகாரிக் குழுப் பிள்ளை எழுந்து, சொன்னவர்கள் இருந்தார்கள், அவர்களைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று புத்தகத்தில் உள்ளபடி சொன்னாள். கதிரவெளிக் கடிதம் அவளுக்குத் தெரியாது. எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அவர் திலக்சனை நோக்கித் திரும்பினார். “நீர்தானே பிந்தி வாறவர்களின்ட பட்டியலில முதல் பெயர்?”

“ஓம் சேர்.”

“ஏன்?”

“பாலத்துக்கு அங்கால இருந்து வாற பஸ் ஏழு நாற்பதுக்குத்தான் வரும் சேர்.”

“மூன்று மாதமா இத ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல?”

திலக்சன் யோசித்தான். “கேற் பூட்டியிருந்திச்சு சேர். சொல்ல உள்ள வர ஏலாமக் கிடந்த.”

முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை. அதிபர் என்றுதான் நினைக்கிறேன். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு வகுப்பு முழுதும் சிரித்தது. அத்தனை மாதத்தில் அவர் பல்லை நாங்கள் அன்றைக்குத்தான் கண்டோம். ஒரு பல் கோணல்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். கேற் ஏழே முக்கால் வரை திறந்திருந்தது. வெள்ளிக்கிழமைக் கடிதம் தவணைக்கு ஒன்று என்று ஆனது. வாணி விழாவை அடுத்த வருடம்தான் விட்டுக்கொடுத்தார், அதுவும் ஐந்து நாளுக்கு. கரோல் பிள்ளைகள் இடைவேளையில் பாடிப் பழகினார்கள். அவர் காரியாலய வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார், ஆனால் நேரம் கொடுக்கவில்லை. கதிரவெளிக் கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பழைய மாணவர்களின் குழுவுக்கு, அது ஈரான் பாடம் என்று நான் விளக்கம் எழுதி அனுப்பினேன். அதை வாசித்தவர்கள் படத்தைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இருக்கமாட்டார்கள். அந்த வருடம் உயர்தரப் பரீட்சையில் ஈரான் வரவேயில்லை. சோதனை மண்டபத்திலிருந்து வெளியே வந்த பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பாடத்தின் கடைசி நாளைச் சொல்லி நிறுத்துகிறேன். வெள்ளிக்கிழமை காரணங்கள் முடிந்தன. திங்கட்கிழமை, எட்டுப் பேரையும் ஒரு வருடம் தள்ளி நிறுத்தினேன். மன்னர் போய்விட்டார், மதத் தலைவர் நாடு திரும்பிவிட்டார், புதிய ஆட்சி வந்துவிட்டது. நீங்கள் எதற்காக இறங்கினீர்களோ அது கிடைத்ததா? கிடைத்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். மௌலவிக் குழு உயர்த்தியது. சுமையா வியாபாரியின் கையைத் தோள் வரைக்கும் உயர்த்தி, அங்கேயே வைத்திருந்தாள். இப்போதைக்கு இவ்வளவுதான் என்றாள். எண்ணெய்த் தொழிலாளி உயர்த்தவில்லை. இரகசியப் பொலிசிடம் அடிவாங்கிய மாணவன், தன் நண்பர்கள் சிலர் மறுபடியும் அதே மறியலில் இருக்கிறார்கள் என்றான்.

பல்கலைக்கழகப் பெண்ணாக இருந்தவள் ஜெனிற்றா. நகரத்துக் கத்தோலிக்கப் பறங்கியர் குடும்பத்துப் பிள்ளை, வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவள். அவளுடைய பெண், பழக்கமில்லாதவளாக இருந்தும், மன்னருக்கு எதிர்ப்பைக் காட்டக் கறுப்பு முக்காடு போட்டு ஊர்வலத்தில் போனவள். ஜெனிற்றா கையை உயர்த்தவில்லை. எழுந்து நின்றாள்.

“அத நான் என்ட விருப்பத்தில போட்டன் மிஸ். இப்ப போடத்தான் வேணுமாம். என்ட விருப்பத்த ஒருத்தரும் கேக்கல்ல.”

சுமையா திரும்பி அவளைப் பார்த்தாள். தலையில் தன் முக்காட்டைச் சரிசெய்தபடி, “நானும் என்ட விருப்பத்திலதான் போடுறன்,” என்றாள். “விருப்பத்தில போட்டாத்தான் அதுக்கு மதிப்பு. அவ சொல்லுறது சரி மிஸ்.” பிறகு மௌலவிக் குழுப் பையன் அதை மறுத்து ஏதோ சொன்னான், ஜெனிற்றா பதில் சொன்னாள், எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அப்போது மணி அடித்தது. பொருளியல் டீச்சர் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றார்.

எங்கள் அதிபர் வந்த நாள் தொடக்கம் மணிக்கு மேல் ஒரு நிமிடம் பாடம் நீள விட்டவரில்லை. யாரும் கூப்பிடாமலே அன்றைக்கும் வந்து கடைசி வாங்கில் இருந்தவர், வாசல் பக்கம் கையைக் காட்டி மெதுவாகச் சொன்னார்:

“டீச்சர், கொஞ்சம் பொறுங்க. இந்தப் பிள்ளைகள் இன்னும் கதைச்சு முடிக்கல்ல.”